பிம்ப்ரி மண்ணும் மூன்று செல்களும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையின் உட்புறத்தைக் காட்டினார். வட்ட வட்டமாகப் படர்தாமரை. "சார், பையனுக்குத் தொண்டை வலிக்கு வாங்கின ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் மீதி இருந்தது. அதை ஆறு நாள் சாப்பிட்டேன். கடையில் கொடுத்த ஒரு க்ரீமும் தடவினேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது இடுப்பு வரை வந்துவிட்டது. நல்ல மருந்துதானே, ஏன் கேட்கவில்லை?" என்றார்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம் பார்த்தே தலை நரைத்தவன். ஆனாலும் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அதே முட்டாள்தனத்தை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன்.

1986 மழைக்காலம். கர்ஜத்துக்கும் லோனாவாளாவுக்கும் நடுவே போர் காட் மலைப்பாதையில் எனக்கு ட்யூட்டி. 37 அடி போனால் 1 அடி ஏறும் பாதை அது. ஜூன் பிறந்தால் மலையிலிருந்து கல்லும் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். கேங்மேன்களோடு நானும் நாளெல்லாம் நனைந்த பூட்ஸுடன் நடந்தேன். எல்லோருக்கும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். மராத்திக்காரக் கேங்மேன்கள் ராத்திரியில் காலைத் துடைத்து அடுப்புச் சூட்டில் காட்டிவிட்டுப் படுப்பார்கள். படித்தவனான நான் மருந்துக் கடைக்குப் போய், சீட்டு எதுவும் இல்லாமல், "நல்ல பவரான" கேப்ஸ்யூல் வாங்கிப் பத்து நாள் விழுங்கினேன். கால் அப்படியே இருந்தது. பதினோராம் நாள் வாய்க்குள் தயிர் ஒட்டினது போல் வெள்ளைப் படலம் வந்துவிட்டது. ரசம் சாதம்கூட எரிந்தது.

ரயில்வே டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். "பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தைச் சாப்பிட்டு, வாயில் இருந்த நல்ல பாக்டீரியாவையெல்லாம் காலி செய்துவிட்டீர். காலி இடத்தில் பூஞ்சை குடியேறிவிட்டது" என்றார். காலுக்கு விட்ஃபீல்ட் களிம்பு. வாய்க்குள் தடவ ஒரு சின்னக் குப்பியில் மஞ்சள் மருந்து. பெயர் ஹாமைசின். குப்பியைத் திருப்பிப் பார்த்தால், செய்த இடம் பிம்ப்ரி!

நம்மில் பலர் கட்கியிலும் தேஹு ரோடிலும் குடியிருப்பவர்கள். லோக்கல் ரயிலில் தினமும் பிம்ப்ரியைத் தாண்டிப் போகிறோம். அங்கே இருக்கும் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலை 1954-இல் அமைந்த அரசாங்க நிறுவனம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கைகொடுக்க, 1955-இல் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. 1990-களில் அது நலிவடைந்த கதை வேறு. பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. அதைச் சுரப்பது ஒரு பூஞ்சை. ஹாமைசின் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. அதைச் சுரப்பது ஒரு பாக்டீரியா. இரண்டும் ஒரே வளாகத்தில் தயாராயின. ஒருவர் வீட்டு ஆயுதம் அவரையே ஏன் கொல்லவில்லை, இரண்டையும் விழுங்கும் நாம் ஏன் பிழைத்திருக்கிறோம் என்று யோசித்தால் மூன்று செல்களின் கட்டுமானமும் விளங்கிவிடும். ஓய்வு பெற்றபின் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சாதாரண பாக்டீரியா ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் நீளம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான். அதன் செல் ஐந்து மைக்ரான் சுமாருக்கு இருக்கும். நம் ரத்தச் சிவப்பணு ஏழு எட்டு மைக்ரான். உடம்பின் மற்றச் செல்கள் பல அதைவிடப் பெரியவை. பாக்டீரியாவைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், ஆனால் அதன் வேலையைப் பார்க்க நம் அடுக்களை போதும். இட்லி மாவு பொங்குவது பெரும்பாலும் பாக்டீரியாவால்தான், ஈஸ்ட்டால் என்று பலர் நினைப்பது சரியல்ல. புனே டிசம்பர் குளிரில் மாவு பொங்காமல், நம் வீட்டுப் பெண்கள் பாத்திரத்துக்குச் சால்வை சுற்றி அரிசி டின்னுக்குள் வைக்கிறார்களே, அது அந்தப் பாக்டீரியாக்களுக்குச் செய்யும் உபசாரம்.

உள்ளமைப்பைச் சொல்ல ரயில்வேயிலிருந்தே உதாரணம் தருகிறேன். பாக்டீரியா என்பது பாதையோரத்துக் கேங் குடிசை. ஒரே அறை. சுத்தியலும் கடப்பாரையும் அரிசிப் பானையும் வருகைப் பதிவேடும் எல்லாம் ஒரே இடத்தில். அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ. தனி அறை எதுவும் இல்லாமல் செல்லின் நடுவே சுருண்டு கிடக்கும். மனிதச் செல் நம் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப் மாதிரி. வரைபடங்களைப் பூட்டி வைக்கத் தனி அலுவலகம் உண்டு, அதுதான் உட்கரு. சக்தி தயாரிக்கப் பவர் ஹவுஸ் போல மைட்டோகாண்ட்ரியா, சரக்கைப் பொட்டலம் கட்டி அனுப்பத் தனிப் பிரிவு, கழிவைச் சிதைக்கத் தனிப் பிரிவு. பூஞ்சை? பலரும் அதைக் கேங் குடிசையோடு சேர்த்து "கிருமி" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. பூஞ்சை ஒரு சின்ன லோகோ ஷெட். அளவில் சிறியது, ஆனால் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா உட்படப் பொன்மலையில் உள்ள முக்கியப் பிரிவெல்லாம் அங்கேயும் உண்டு.

இனி சுவர். எஞ்சினியர் என்பதால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செல்லுக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்கு அதன் வெளியே கெட்டியான சுவரும் உண்டு. ஏன்? உள்ளே இருக்கும் உப்பும் சர்க்கரையும் புரதமும் வெளித் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் உள்ளழுத்தம் ஏறுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற தடித்த சுவருள்ள பாக்டீரியாவில் இது சுமார் 20 வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிடுகிறார்கள். பழைய டபிள்யூ.பி. நீராவி இஞ்சினின் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இந்தக் குட்டிப் பாக்டீரியாவினுடையது கிட்டத்தட்ட 290! சுவர் இல்லாவிட்டால் சவ்வு ஒரு நொடி தாங்காது.

அந்தச் சுவர் கட்டப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன நீண்ட சங்கிலிகள் தண்டவாளம் போல ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே பிணைப்பவை அமினோ அமிலங்களாலான குட்டைத் துண்டுகள். நம் ஸ்லீப்பர் கட்டை மாதிரி. இந்தக் குறுக்குப் பிணைப்பை முடுக்கிவிடும் வேலை ஒரு என்சைமுடையது. துண்டின் நுனியில் இருக்கும் இரட்டை அலனைன் என்ற அமைப்பைப் பிடித்து, ஒன்றைக் கழற்றி, பக்கத்துச் சங்கிலியோடு மாட்டிவிடும். பெனிசிலின் பார்வைக்கு அந்த இரட்டை அலனைன் போலவே இருக்கிறது. என்சைம் ஏமாந்து அதைப் பிடிக்கிறது. பிடித்தபின் விட முடிவதில்லை. ஸ்பேனரின் வாயில் போலி நட்டு சிக்கிக்கொண்டால் அந்த ஸ்பேனர் அன்றைக்கு உதவாது அல்லவா? இந்த விளக்கத்தை 1965-இல் டிப்பர், ஸ்ட்ராமிங்கர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-இல். மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்து, எப்படி என்று தெரிய 37 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னொரு விஷயம். வளரும் பாக்டீரியா சுவரைப் பெரிதாக்க அங்கங்கே பழைய பிணைப்பைத் தானே வெட்டிக்கொண்டிருக்கும். போக்குவரத்து நடக்கும்போதே பழைய ஸ்லீப்பரை எடுத்துப் புதியதைப் போடுவது போல. எடுக்கிற கேங் எடுத்துக்கொண்டே இருக்க, போடுகிற கேங்கின் ஸ்பேனர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பாதை விரியும், பாய்லர் வெடிக்கும். பெனிசிலின் வளர்கின்ற பாக்டீரியாவைத்தான் கொல்லும், சும்மா கிடப்பதை அவ்வளவாகச் செய்யாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. நம் ரத்தமும் மற்றத் திரவங்களும் செல்லின் உட்புறத்துக்குச் சமமான அடர்த்தியோடு இருப்பதால் தேவைப்படவில்லை. சிவப்பணுவைச் சுத்தத் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் பாட்டிலில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்புடன் வருவது அதற்குத்தான். சுவர் இல்லாத வீட்டில் கொத்தனாரை ஏமாற்றும் மருந்துக்கு வேலை இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களை விட்டுவிட்டால், பெனிசிலின் மனிதனுக்கு இவ்வளவு சாதுவாக இருப்பது இதனால்தான்.

பெனிசிலினைச் சுரக்கும் பூஞ்சைக்கு அதனால் ஏன் கேடில்லை என்பதும் விளங்கிவிட்டது. பூஞ்சைக்குச் சுவர் உண்டு. ஆனால் சரக்கு வேறு. அதன் சுவர் குளுக்கான் என்ற சர்க்கரை நாரும் கைட்டினும் கலந்து கட்டியது. கைட்டின் என்றால் இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே பொருள். இரட்டை அலனைன் அங்கே இல்லை. ஏமாறும் என்சைமும் இல்லை. என் கால்விரல் பூஞ்சை பத்து நாள் கேப்ஸ்யூலைச் சட்டை செய்யாததும் இதே காரணத்தால்தான். எனக்குக் கொடுத்த கேப்ஸ்யூல் பெனிசிலின் குடும்பம்தான். வேறு குடும்பமாக இருந்திருந்தாலும் இதே கதிதான்.

வேறு குடும்பத்தைப் பற்றியும் ஒரு வரி. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறை எல்லாச் செல்லிலும் உண்டு. பாக்டீரியாவினுடையது அளவிலும் அமைப்பிலும் வேறு. நம்முடையதும் பூஞ்சையினுடையதும் ஒரே ரகம். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் அந்தப் பாக்டீரியா ரைபோசோமைத்தான் பிடிக்கிறது. ஒரு சிக்கல்: நம் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆதியில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்பது இன்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட செய்தி. அவற்றின் ரைபோசோம் இன்னும் பழைய ஜாடையில் இருக்கிறது. இந்த ஊசியால் சிலருக்குக் காது மந்தமாவதற்கு அந்தப் பழைய உறவும் ஒரு காரணம்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். 1969-இல்தான் விட்டேக்கர் என்பவர் பூஞ்சைகளைத் தாவரத்திலிருந்து பிரித்துத் தனி ராஜ்யமாக வைத்தார். 1993-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இன்னும் ஒரு படி போய், பூஞ்சை செடியைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று காட்டினார்கள். செடி மாவுச்சத்தைச் சேமிக்கும். பூஞ்சையோ நம் ஈரலைப் போல கிளைக்கோஜனைச் சேமிக்கும். என் தாயார் கடைசிவரை காளானை அடுக்களைக்குள் விடவில்லை. "அது கறிகாய் இல்லைடா, அதன் வாசனையே வேறே" என்பார். நாங்கள் சிரித்தோம். அவர் பக்கம் விஞ்ஞானம் கொஞ்சம் இருந்திருக்கிறது.

சொந்தக்காரனைக் கொல்வது கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு வைக்கும் விஷம் நமக்கும் விஷம். அப்படியானால் வித்தியாசம் எங்கே? சுவரைத் தாண்டினால் சவ்வில் ஒன்று அகப்படும். சவ்வு தளர்ந்துவிடாமல் இறுக்கம் கொடுக்க நம் செல்கள் கொலஸ்டிரால் சேர்க்கின்றன. பூஞ்சை சேர்ப்பது எர்கோஸ்டிரால். இரண்டும் அண்ணன் தம்பி. ஓரிரு இரட்டைப் பிணைப்பும் ஒரு சிறு கிளையும்தான் பேதம். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ரகக் கொழுப்பே கிடையாது.

பிம்ப்ரி தொழிற்சாலையின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் எம்.ஜே. திருமலாச்சார். செடிகளில் வரும் பூஞ்சை நோய்களைப் படித்து வந்த விஞ்ஞானி. பட்நாகர் பரிசு பெற்றவர். அவருடைய குழு 1960-களின் தொடக்கத்தில் பிம்ப்ரி மண்ணிலிருந்தே ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. அதற்கு ஊர்ப் பெயரையே சேர்த்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று பெயரிட்டார்கள். அது சுரந்த மஞ்சள் மருந்துக்குத் தொழிற்சாலையின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஹாமைசின். பயிர்களின் பூஞ்சை நோய்க்காக ஆரியோஃபங்கின் என்ற மருந்தையும் அதே குழுதான் தந்தது. நம் ரயில் தினமும் உரசிப் போகும் ஊரின் பெயர் விஞ்ஞானப் புத்தகத்தில் லத்தீனில் ஏறியிருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹாமைசின், அமெரிக்காவில் 1950-இல் கண்ட நிஸ்டாட்டின், பிறகு வந்த ஆம்ஃபோடெரிசின் மூன்றும் ஒரே வம்சம். எர்கோஸ்டிராலைத் தேடிப் பிடித்து, கூட்டாகச் சேர்ந்து சவ்வில் துளை போடும்; உள்ளிருக்கும் பொட்டாசியம் ஒழுகி பூஞ்சை சாகும். சவ்விலிருந்து எர்கோஸ்டிராலைப் பஞ்சு போல உறிஞ்சி எடுப்பதுதான் முக்கிய வேலை என்று 2014-இல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. எப்படியானாலும் இலக்கு அதுவே. அதைச் சுரக்கும் பாக்டீரியாவிடம் எர்கோஸ்டிரால் இல்லை. அதனால் அதற்குப் பயமில்லை. நம்மிடம் இருப்பதோ கொலஸ்டிரால், அதன் தம்பி. மருந்து சில சமயம் அண்ணனென்று நினைத்துத் தம்பியையும் பிடித்துவிடுகிறது. வாயில் தடவினால் கவலையில்லை. ரத்தத்தில் ஏற்றினால் குளிர்காய்ச்சல் வரும், சிறுநீரகம் பாதிக்கும்.

இது ஏட்டு விஷயமல்ல என்பதை 2021 மே மாதம் பார்த்தோம். கோவிட் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற மியூகார்மைகோசிஸ் மகாராஷ்டிரத்தில் மிகக் கடுமையாகப் பரவியது. பூஞ்சை கருப்பல்ல, அது ரத்தக் குழாய்களை அடைத்து, செத்துப்போகும் நம் சதைதான் கருக்கிறது. சர்க்கரை வியாதியும் ஸ்டீராய்டும் சேர்ந்து அதற்கு வழி திறந்துவிட்டன. எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு வந்தது. பாக்டீரியாவுக்கானால் கடையில் ஒரு அலமாரி நிறைய மருந்து. இதற்கோ முதல் மருந்து ஆம்ஃபோடெரிசின். அதுவும் எங்கும் இல்லை. அவருடைய மகன் ஒரு வாரம் கடை கடையாக, ஊர் ஊராக அலைந்து, பாதிக் குப்பிகளைத்தான் சேர்க்க முடிந்தது. மனிதர் பிழைத்தார், வலது கண் போய்விட்டது. "இத்தனை பெரிய நாட்டில் ஒரு மருந்துதானா அங்கிள்?" என்று அந்தப் பையன் என்னைக் கேட்டான். நாட்டைக் குறை சொல்வது சுலபம். உலகம் முழுவதிலுமே பூஞ்சை மருந்து வகைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். எர்கோஸ்டிராலைப் பிடிப்பது ஒன்று, எர்கோஸ்டிரால் தயாராவதையே தடுக்கும் க்ளோட்ரிமசோல், ஃப்ளுகோனசோல், டெர்பினாஃபின் ரகங்கள், 2001-இல் சந்தைக்கு வந்த, குளுக்கான் சுவரைத் தடுக்கும் காஸ்போஃபங்கின் ரகம், இன்னும் ஓரிரண்டு. மியூகார் பூஞ்சைக்கு இவற்றில் பல கேட்பதில்லை.

அந்தப் பையன் தேடியது சாதா ஆம்ஃபோடெரிசின் அல்ல, லைப்போசோம் ரகம். மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துவிட்டால் நம் சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்காமல் பூஞ்சை இருக்கும் இடத்துக்குப் போகிறது. இதன் இந்தியத் தயாரிப்புக்கு அடிப்படை போட்டவர்கள் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நீலிமா க்ஷீர்சாகரும் டில்லிப் பல்கலைக்கழகத்தின் பி.கே. பச்சாவத்தும். பச்சாவத் முன்னாளில் நம் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியவர். அவருடைய குழு நம் பிம்ப்ரி ஹாமைசினையும் இதே போலக் குமிழிக்குள் அடைத்து எலிகளில் சோதித்துப் பார்த்தது. ஹாமைசின் அந்தக் கட்டத்தைத் தாண்டி ரத்தத்தில் ஏற்றும் மருந்தாகவில்லை.

பொங்கல் விழா அன்பரிடம் இவ்வளவையும் நான் கை கழுவும் இடத்தில் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "கேப்ஸ்யூலை நிறுத்துங்கள், க்ரீமை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்" என்று மட்டும் சொன்னேன். அந்த க்ரீமில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்திருந்ததாம். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே நம் உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும். முதல் வாரம் நன்றாக இருந்தது ஏன், பிறகு இடுப்புவரை பரவியது ஏன் என்பதற்கு அதுவே பதில். இப்படிக் கண்டதையும் தடவிப் பழகிய நம் நாட்டில் பல படர்தாமரைகள் டெர்பினாஃபினுக்கும் மசிவதில்லை. அப்படிப்பட்ட ஒரு இனத்துக்கு 2020-இல் ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நாட்டின் பெயரையே சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பிம்ப்ரினா தந்த பெருமை போல இது இல்லை.

டாக்டர் அவருடைய முழங்கையிலிருந்து தோல் பொடியைக் கத்தியால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம் ஒரு சொட்டு விட்டாராம். சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் இவரையே பார்க்கச் சொல்லியிருக்கிறார். காரத்தில் மனிதத் தோல் செல்கள் இளகிக் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டன. கைட்டின் சுவர் உள்ள பூஞ்சை மட்டும் கரையாமல், கிளை கிளையாக, குறுக்குத் தடுப்புகளோடு நூல் போல நின்றது. "சார், ரயில் பாதை மாதிரியே இருந்தது" என்று அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்தார். ஆறு வாரம் மருந்து. நாலாவது வாரமே மறைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். ஆறு வாரமும் சாப்பிட்டார்.